காலைப் பனியில குரூப் மேலயும் கீழயும் விரியுது: பழைய ஸ்பிரிங் எயார் ரைபிள் டியூனிங்குக்கு உதவி தேவை

நானுஓயா_கோச்
எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியா மலைநாட்டுல நானுஓயாப் பக்கம் ஒரு கிளப்புல பிள்ளைகளுக்கு 10 மீட்டர் எயார் ரைபிள் பழக்குறேன். மொத்தம் பதினொரு பிள்ளைங்க, பாதிக்கு மேல தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்க. ரைபிள் கிளப்போடது, அனுமதிப்பத்திரம் எல்லாம் கிளப் பேர்ல முறையா இருக்கு.

எங்ககிட்ட இருக்குறது ஒரு பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ். பக்கத்துல நெம்புகோல் இழுத்து ஏத்துற ஸ்பிரிங் ரைபிள், 4.5 மி.மீ. நல்ல சாமான், இத்தனை வருசம் எங்களைக் கைவிட்டதே இல்ல. ஆனா இந்த ஜனவரியில இருந்து ஒரு தொல்லை. காலை ஏழு மணிக்குப் பழக்கம் ஆரம்பிச்சா குரூப் (வெடிங்க அட்டையில விழுற கூட்டம்) மேலயும் கீழயும் விரியுது. அஞ்சு வெடி வச்சு, ஓட்டையோட வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்புக்கு அளந்தேன். அகலம் 6.5 மி.மீ., உயரம் 13 மி.மீ. பகல் ரெண்டு மணிக்கு அதே ரைபிள், அதே பிள்ளை, அதே பெலட் (ஈயக் குண்டு): உயரம் 9 மி.மீ. தான்.

மாகாணப் போட்டி வருது. அதுவும் காலையிலதான். மனசுல மூணு யோசனை இருக்கு. ஒண்ணு, ஸ்பிரிங்க மாத்தி இன்னும் கடினமானதாப் போடுறது. ரெண்டு, பெரல் முனையில பாரம் வைக்கிறது. மூணு, ட்ரிகர இன்னும் லேசாக்குறது. எதை முதல்ல செய்யலாம்?

டயகம_பையன்
ஸ்பிரிங்தாண்ணே. வேகம் கூடுனா பெலட் நேராப் போகும். கடினமான ஸ்பிரிங் போடுங்க, எல்லாம் சரியாகும்.

ஸ்டோர்பிட்டர்
கோச் தம்பி, மூணையும் செய்யாதீங்க. கொஞ்சம் பொறுங்க.

நான் முப்பத்தி நாலு வருசம் தேயிலை ஸ்டோர்ல (தேயிலை பாக்டரியில) மெசின் பாக்குற பிட்டரா இருந்தவன். ரோலர் ஆடுதுன்னு டீமேக்கர் கூப்பிட்டா, போன உடனே மோட்டரக் கழட்ட மாட்டோம். முதல்ல கீழ உக்காந்து போல்ட்டத் தொட்டுப் பாப்போம். பாதி நாள் அங்கயே விசயம் முடிஞ்சிரும். உங்க ரைபிள் பகல்ல நல்லா அடிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. பகல்ல நல்லா இருக்குற ஸ்பிரிங் காலையில எப்படிக் கெட்டுப்போகும்? குளிருக்கு எது மாறுதுன்னு பாருங்க, அதுதான் கேள்வி.

கடினமான ஸ்பிரிங் விசயம், டயகமத் தம்பிக்கும் சேர்த்துச் சொல்றேன். ஸ்பிரிங் ரைபிள்ல ட்ரிகர் விட்டதும் பிஸ்டன் முன்னால ஓடி, காத்த அமுக்கி, அந்தக் காத்துலயே முட்டி ஒரு தரம் பின்னால துள்ளும். பெலட் இன்னும் பெரலுக்குள்ள இருக்கும்போதே இதெல்லாம் நடக்குது. ஸ்பிரிங் கடினமானா அடியும் துள்ளலும் கூடும், குறி கெடும். உங்க ரைபிள் உள்ள ரெண்டு ஸ்பிரிங், ஒண்ணு வலஞ்சுழி, மத்தது இடஞ்சுழி. ஒண்ணு முறுக்குறத மத்தது எடுத்துரும். அந்தக் கணக்க மனுசன் உக்காந்து யோசிச்சுப் பண்ணியிருக்கான். அதைக் கலைக்க வேணாம்.

பதுளை_அக்கா
பிட்டர் ஐயா சொல்றதுதான் சரி. நான் பல வருசம் போட்டியில அடிச்சவ, இப்ப பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறேன். கோச், முதல்ல தப்பு ரைபிள்ல இருக்கா, அடிக்குற பிள்ளைகிட்ட இருக்கா, கண்ணுல இருக்கா, இதைப் பிரிச்சுப் பாருங்க.

காலைப் பனியில ஹோலுக்குள்ள (மண்டபத்துக்குள்ள) வெளிச்சம் கம்மி. முன் சைட்ல (முன்னால குறி பாக்குற பாகம்) எத்தனை மி.மீ. வளையம் போட்டிருக்கீங்க? வளையத்துக்கும் அட்டையோட கறுப்பு வட்டத்துக்கும் நடுவுல வெள்ளை மெல்லிசா இருந்தா, மங்கல் வெளிச்சத்துல பிள்ளை மேல கீழ எங்க நிக்குதுன்னு தெரியாமலே அடிக்கும். 10 மீட்டர் அட்டையில கறுப்பு 30.5 மி.மீ. பலபேர் 3.4, 3.6 வளையத்தோட இருந்துருவாங்க. காலைக்கு 3.8 அல்லது 4.0 போட்டுப் பாருங்க. வெள்ளை அகலமானா கறுப்பு மிதக்குற மாதிரி நிக்கும், மனசும் அடங்கும்.

இன்னொண்ணு, குளிருக்குப் பிள்ளைங்க உள்ள ரெண்டு ஸ்வெட்டர் போடும். ஸ்டொக் (ரைபிளோட மரக்கட்டை) தோள்ல உக்காருற இடம் மாறும், கன்னம் வைக்கிற இடமும் மாறும். பின் சைட் ஓட்டைக்குள்ள கண்ணு நடுவுல இல்லைன்னா குறி தானா ஏறும் இறங்கும்.

நானுஓயா_கோச்
அக்கா, ஐயா, ரொம்ப நன்றி. 3.4 தான் போட்டிருந்தோம். 4.0 மாத்தினேன், பிள்ளைங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. ஆனா குரூப் உயரம் 13ல இருந்து 12க்குத்தான் வந்துச்சு.

பிள்ளைய விலக்கிட்டு, மணல் பை மேல கைய வச்சு, கை மேல ரைபிள வச்சு நானே அடிச்சேன். காலை 6.50. வெளியில புல்லு வெள்ளையா உறைஞ்சிருந்துச்சு, பள்ளத்துக் கொழுந்து கருகிப் போச்சுன்னு தோட்டத்துல பேச்சு. ஹோலுக்குள்ள 8 பாகை. குரூப் உயரம் 12.5. ஆக தப்பு பிள்ளைங்ககிட்ட இல்ல. இது தெரிஞ்சதே பெரிய நிம்மதி. ஒரு பிள்ளை தன் மூச்சுதான் காரணம்னு மூணு வாரமா அழுதுட்டு இருந்துச்சு.

பண்டாரவளை_வாத்தி
வணக்கம் கோச். நான் யாழ்ப்பாணம், இஞ்ச பண்டாரவளையில பௌதிகம் படிப்பிக்கிறன். மேல கீழ மட்டும் விரியுது, பக்கவாட்டில விரியேல்லை எண்டால் முதல் சந்தேகம் வேகத்தில. வேகம் மாறினால் பெலட் விழுகிற அளவு மாறும். உங்களிட்ட வேகம் அளக்கிற கருவி இருக்கோ? இல்லையெண்டால் ஃபோன் காணும்.

இப்பிடிச் செய்து பாருங்கோ. அலைவடிவம் காட்டுற ஒலிப்பதிவுச் செயலி ஒண்டைப் போடுங்கோ. ஃபோனைப் பெரல் முனைக்குப் பக்கத்தில வையுங்கோ. அட்டைக்குப் பின்னால உங்கட பெலட் பிடிக்கிற பெட்டியில தகடு இருக்குமே, அதில மோதுற சத்தம் தெளிவாகக் கேட்கும். அடிச்ச பிறகு பதிவில ரெண்டு முள் தெரியும்: ஒண்டு வெடி, மற்றது மோதல். ரெண்டுக்கும் இடையில எத்தனை மில்லிசெக்கன் எண்டு பாருங்கோ. அதில சத்தம் தகட்டில இருந்து ஃபோனுக்குத் திரும்பி வந்த நேரத்தைக் கழிச்சால் மிச்சம் பெலட் பறந்த நேரம்.

முனையில இருந்து தகட்டுக்கு உள்ள தூரத்தை நாடாவால சரியாக அளந்து சொல்லுங்கோ. 10 எண்டு நினைச்சு எழுதாதேங்கோ. பெரல், அடிக்கிறவர் நிக்கிற கோட்டைத் தாண்டி முன்னுக்கு நிக்கும்.

நானுஓயா_கோச்
வாத்தியார், செஞ்சேன். முனையில இருந்து தகடு வரைக்கும் 9.5 மீட்டர். எல்லாரும் கண்ணாடி போட்டு, பின்னால நிறுத்திட்டுத்தான் அடிச்சேன்.

காலையில முதல் பத்து வெடி, மில்லிசெக்கன்ல: 82, 80, 82, 78, 81, 82, 79, 81, 78, 80.
பகல்ல பத்து: 78, 78, 79, 78, 78, 78, 79, 78, 78, 78.

இதைப் பாத்ததும் எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. ஒரு ஃபோன்ல இவ்வளவு தெரியுமா!

பண்டாரவளை_வாத்தி
அருமை. கணக்கைச் செய்து காட்டுறன், பிள்ளையளுக்கும் காட்டுங்கோ.

குளிர்ல ஒலியின்ர வேகம் செக்கனுக்கு 337 மீட்டர் அளவில. 9.5 மீட்டருக்கு 28 மில்லிசெக்கன். 78 எண்டு வந்த வெடியில பெலட் பறந்தது 50 மில்லிசெக்கன், அதாவது சராசரி வேகம் செக்கனுக்கு 190 மீட்டர். 82 எண்டு வந்ததில 54 மில்லிசெக்கன், 176 மீட்டர்.

விழுகிற அளவு, அரைவாசி ஜீ (புவியீர்ப்பு ஆர்முடுகல்) பெருக்கல் நேரத்தின்ர வர்க்கம். 50க்கு 12.3 மி.மீ. 54க்கு 14.3 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ. அட்டையில ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மி.மீ. ஆக வேகத்தால மட்டும் முக்கால் வளையத்துக்கு மேல போகுது. பத்தாம் வளையம் எண்டது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. புள்ளியளைத் தசமத்தில எண்ணேக்க முக்கால் வளையம் எண்டது ஒரு போட்டியையே தூக்கிக் குடுக்கிறதுக்குச் சமன்.

ஆனால் கோச், இஞ்சதான் எனக்கு நித்திரை வரேல்லை. உங்கட குரூப் உயரம் 12.5. பெலட் ஓட்டை 4.5 ஐக் கழிச்சால் நடுவுக்கு நடு 8 மி.மீ. வேகம் விளக்கிறது 2 மி.மீ. மட்டும். மிச்ச 6 மி.மீ. எங்க போச்சு? வேகத்தை மட்டும் திருத்தினால் இந்த ரைபிள் திருந்தாது. இன்னொரு குற்றம் ஒளிஞ்சிருக்கு.

ஸ்டோர்பிட்டர்
வாத்தியார் கணக்குப் போட்டது எனக்குக் கண்ணாடி மாதிரி இருக்கு. நேரே கேக்குறேன் கோச் தம்பி. இந்த ரைபிளக் கடைசியா யார் திறந்தது? எப்ப?

நானுஓயா_கோச்
ஐயா, இதை முதல்லயே சொல்லியிருக்கணும். நவம்பர்ல கொழும்புல ஒருத்தர்கிட்ட சர்வீஸ் குடுத்தோம். நெம்புகோல் கிறீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. திரும்பி வந்தப்ப வெண்ணெய் மாதிரி இழுபட்டுச்சு, அதனால நல்லா செஞ்சிருக்கார்னு நெனச்சுட்டோம். நவம்பர், டிசம்பர்ல மழையால காலைப் பழக்கம் அவ்வளவா நடக்கல. ஜனவரியிலதான் தெரிஞ்சுச்சு.

ஸ்டோர்பிட்டர்
வெண்ணெய் மாதிரின்னு சொன்னீங்க பாத்தீங்களா, அங்கதான் இருக்கு உங்க ரெண்டு குற்றமும்.

இந்த ரைபிள்ல அடி விழும்போது மேல் பாகம் முழுசா, பெரலும் சிலிண்டரும் சேர்ந்து, ஸ்டொக் மேல இருக்குற தண்டவாளத்துல கொஞ்சம் பின்னால வழுக்கும். அப்படி வழுக்குறதாலதான் தோளுக்கு அடி தெரியல, முனை துள்ளல. இப்ப அந்தத் தண்டவாளத்துல வண்டி பெயாரிங்குக்குப் பூசுற தடிச்ச கிரீஸ யாராச்சும் அப்பிவச்சா என்ன ஆகும்? கொழும்புச் சூட்டுல அது எண்ணெய் மாதிரி ஓடும், அவருக்கு ஒரு குறையும் தெரிஞ்சிருக்காது. உங்க ஊர்ல காலை 8 பாகையில அது மெழுகு. வழுக்கணுமா வேணாமான்னு ஒவ்வொரு வெடிக்கும் ஒரு மாதிரி நிக்கும். ஒரு வெடிக்கு முனை துள்ளும், அடுத்ததுக்குத் துள்ளாது. அதுதான் வாத்தியாரோட 6 மி.மீ.

அதே கிரீஸ் உள்ள ஸ்பிரிங்லயும் பிஸ்டன்லயும் இருந்தா பிஸ்டன் இழுபட்டு ஓடும். அதுதான் 2 மி.மீ. பத்துப் பதினஞ்சு வெடிக்கப்புறம் கொஞ்சம் இளகும், பகலானா சரியாகும்.

திறக்காம மூணு விசயம் பாருங்க. முதல்ல, ஸ்டொக் ஸ்குரூ. கழட்டாம, இறுக்கமா இருக்கான்னு மட்டும் பாத்து, நகப்பூச்சுல ஸ்குரூ தலையில இருந்து மரத்துக்கு ஒரு கோடு போடுங்க. அசைஞ்சா கோடு பிரியும். மழைக்கு மரம் ஊதும், காய்ச்சலுக்குச் சுருங்கும், ஸ்குரூ சும்மா இருக்காது. ரெண்டாவது, பெரலும் சிலிண்டரும் சேருற வாய்கிட்ட மெல்லிய டிஷ்யூ துண்டு ஒண்ண வச்சு ஒரு வெடி அடிங்க. பறந்தா வாய் சீல் (காத்து கசியாம அடைக்கிற வளையம்) போச்சு. மூணாவது, காது குடையுற பஞ்சுக் குச்சிய பெரல் முனையில மெதுவா உள்ள இருந்து வெளிய இழுங்க. பஞ்சு எங்கயாச்சும் மாட்டி நூல் விட்டா அங்க பிசிறு இருக்கு. ரைபிள் ஏத்தாம, பெலட் இல்லாம இருக்கும்போதுதான் முனைகிட்டப் போகணும். இதைப் பிள்ளைங்க முன்னால செய்யாதீங்க, பாத்துப் பழகும்.

ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ஒண்ண மாத்தி, அளந்து, எழுதி வச்சுட்டு அடுத்தது.

நானுஓயா_கோச்
முடிவு சொல்றேன்.
முன் ஸ்குரூ கால் சுத்து இறுகுச்சு. இறுக்கினதும் காலைக் குரூப் 12.5ல இருந்து 11க்கு வந்துச்சு.
டிஷ்யூ பறக்கல, ஆனா லேசா நடுங்குச்சு.
பஞ்சு எங்கயும் மாட்டல. பெரல் முனை சுத்தம்.

டயகம_பையன்
அண்ணே எல்லாரும் கோவிச்சுக்காதீங்க. நான் ஸ்பிரிங் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. மாமா வீட்டு மரக்கறித் தோட்டத்துல லீக்ஸ், கரட் எல்லாத்தையும் பண்டி வந்து உழுதுட்டுப் போகுது, பகல்ல குரங்கு. கொஞ்சம் பவர் ஏத்துனா அதுகளுக்கும் ஆகும்னு நெனச்சேன்.

பதுளை_அக்கா
தம்பி, உன் மாமா படுற கஷ்டம் எனக்குத் தெரியும். எங்க வீட்டுப் பக்கமும் அதே கதைதான். ஆனா அட்டைக்குச் செஞ்ச ரைபிள்ல பண்டிய அடிச்சா அது சாகாது. காயத்தோட காட்டுக்குள்ள போய் நாள் கணக்கா வேதனைப்படும், இல்ல திரும்பி வந்து மனுசனக் குத்தும். பவர் ஏத்துறது அனுமதிப்பத்திரத்தோடயும் சம்பந்தப்பட்ட விசயம், கிளப்பையே மூட வச்சுரும். நான் அதுக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லித் தர மாட்டேன். மாமாவ கமநல சேவை நிலையத்துல போய்ப் பேசச் சொல்லு.

அடிக்கிறதுல ஆசை இருந்தா கிளப்புக்கு வா. நம்ம நாட்டுல இருந்து தெஹானி எகொடவெல இதே 10 மீட்டர் எயார் ரைபிள்லதான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனாங்க. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் இதே விளையாட்டுல உலகக் கிண்ணத் தங்கம் எடுத்தாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு எது குறைச்சல்?

டயகம_பையன்
சரிக்கா. வாரேன். உண்மையாவே வாரேன்.

ஸ்டோர்பிட்டர்
கோச் தம்பி, ஞாயிறு பஸ் எடுத்துத் தலவாக்கலையில இருந்து நான் வாரேன். ஸ்பிரிங் அமுக்குற கிளாம்ப் எங்கிட்ட இருக்கு, ஸ்டோர் லேத்துல நானே கடைஞ்சது. நீங்க தனியாத் திறக்காதீங்க. உள்ள ஸ்பிரிங் அமுங்கின நிலையில இருக்கு, கிளாம்ப் இல்லாம பின் பூட்டக் கழட்டுனா முகத்துக்கு வரும். கிளப் செயலாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

பழைய பெனியன் துணி, மண்ணெண்ணெய், கெமிஸ்ட் கடையில சேர்ஜிக்கல் ஸ்பிரிட், ரெண்டு பேசன் எடுத்து வைங்க. மொலி பேஸ்ட்டும் (மொலிப்டினம் கலந்த வழுக்குப் பசை) வாய் சீலும் நான் கொண்டு வாரேன்.

நானுஓயா_கோச்
நேத்து ஐயா வந்தாங்க. நடந்தத முழுசா எழுதுறேன், இதே ரைபிள் வச்சிருக்குறவங்களுக்கு உதவும்.

ஸ்டொக்கக் கழட்டி மேல் பாகத்தத் தூக்கினதும் ஐயா ஒண்ணும் பேசல. தண்டவாளத்த விரலால வழிச்சு எங்கிட்டக் காட்டினாங்க. பழுப்பு நிறம், நூல் நூலா இழுபட்டுச்சு, விரல் ரெண்டையும் விரிச்சா ஒட்டிக்கிட்டே வந்துச்சு. அதுல மரத்தூள், ஸ்வெட்டர் நூல், ஒரு சின்னப் பெலட் சீவல் கூட ஒட்டி இருந்துச்சு. ஐயா அதக் காலைக் குளிர்ல வெளிய ஒரு தகட்டுல பூசி வச்சாங்க. பத்து நிமிசத்துல நகத்தால சுரண்டணும் போல இறுகிப் போச்சு. அதே தகட்ட டீக்கடைக் கேத்தல் பக்கத்துல வச்சதும் வழிஞ்சு ஓடுச்சு. நான் அந்த ரெண்டையும் பாத்துட்டு நின்னேன். மூணு வாரம் அழுத அந்தப் பிள்ளையக் கூப்பிட்டுக் காட்டினேன். அது கொஞ்ச நேரம் தகட்டையே பாத்துட்டு, “அப்ப என் மூச்சு இல்லையா சேர்”னு கேட்டுச்சு.

ஸ்பிரிங் ரெண்டும் கிரீஸ்ல முங்கிக் கிடந்துச்சு. வெளிய எடுத்த பாகங்கள மட்டும் மண்ணெண்ணெயில கழுவி, ஸ்பிரிட்ல துடைச்சு, ஒரு மணி நேரம் வெயில்ல வச்சோம். சிலிண்டருக்குள்ள மண்ணெண்ணெய் விடவே கூடாதுன்னு ஐயா ரொம்பக் கண்டிப்பா இருந்தாங்க. உள்ள எண்ணெய் ஈரம் மிஞ்சினா, பிஸ்டன் காத்த அமுக்குற சூட்டுல அது பத்தி வெடிக்கும், டீசல் எஞ்சின் மாதிரி. ஒரு வெடி திடீர்னு வேகமாப் போகும், முனையில புகை வரும், சீலும் போகும். அதனால சிலிண்டர ஸ்பிரிட் துணியால மட்டும் நாலு தரம் துடைச்சோம், துணி வெள்ளையா வர்ற வரைக்கும்.

மொலி பேஸ்ட் பூசுனது பிஸ்டன் பக்கத்துலயும் ஸ்பிரிங் வழிகாட்டியிலயும் மட்டும். “பூசுனதே தெரியக் கூடாது, சாம்பல் நிழல் மாதிரி இருந்தாப் போதும்”னு சொல்லி ஐயா தன் விரலாலயே பூசுனாங்க. தண்டவாளத்துக்குத் தையல் மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டு, அதையும் துடைச்சு எடுத்துட்டாங்க. வாய் சீல மாத்துனோம், பழசு கல்லு மாதிரி இருந்துச்சு. ஸ்பிரிங் பழசுதான், ரெண்டும் நேரா இருந்ததால மாத்தல. ட்ரிகரத் தொடவே இல்ல.

பண்டாரவளை_வாத்தி
எண்களைச் சொல்லுங்கோ கோச். காத்துக்கொண்டிருக்கிறன்.

நானுஓயா_கோச்
இன்னைக்குக் காலை 6.45, ஹோலுக்குள்ள 9 பாகை. பத்து வெடி: 78, 78, 78, 79, 78, 78, 78, 78, 79, 78. குரூப், அஞ்சு அஞ்சா ரெண்டு: உயரம் 7, 7.5. அகலம் 6.5.

நெம்புகோல் இப்ப முன்ன மாதிரி வெண்ணெயா இழுபடல, லேசா உலோகச் சத்தம் கேக்குது. ஐயா அது சரியான சத்தம்னு சொல்லிட்டாங்க.

பதுளை_அக்கா
கண்ணுல தண்ணி வந்துருச்சு கோச். இனிமே பெலட்டப் பாருங்க, இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். எந்த டின்னு, தலை அளவு என்ன?

நானுஓயா_கோச்
தட்டைத் தலைதான் அக்கா, 0.53 கிராம், 4.50. கிளப் மர அலுமாரியில வச்சிருக்கோம். பழைய டின்ன இன்னைக்குத் திறந்தா பெலட் மேல வெள்ளைப் பொடி மாதிரி இருக்கு. துடைச்சுட்டு அடிக்கலாமா?

பதுளை_அக்கா
வேணாம், வேணாம். அந்தப் பொடி ஈயம் அரிச்சு வந்தது, நஞ்சு. அந்த டின்ன மூடி ஒதுக்கி வைங்க, பிள்ளைங்க கை படக் கூடாது. அரிச்ச பெலட் எடையும் மாறும், பின்பக்கப் பாவாடை விளிம்பும் கெட்டிருக்கும், பெரலுக்கும் நல்லதில்ல.

காரணம் ஈரம் மட்டும் இல்ல, மர அலுமாரியும்தான். மரத்துல இருந்து வர்ற புளிப்பு ஆவி ஈயத்த அரிக்கும். நம்ம ஊர் ஈரத்துக்கு அது இன்னும் வேகம். மூடி இறுகுற பிளாஸ்டிக் டப்பாவுல டின்ன வச்சு, சப்பாத்துப் பெட்டியில வருமே சிலிக்கா பை, அதை நாலஞ்சு போடுங்க. மாசத்துக்கு ஒரு தரம் அந்தப் பைகள அடுப்பு ஓரத்துல காய வச்சுத் திரும்பப் போடுங்க.

புது டின்னுல 4.49, 4.50, 4.51 மூணும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கி, மணல் பையில வச்சு ஒவ்வொண்ணுலயும் அஞ்சு குரூப் அடிங்க. ஒரே ஒரு குரூப்பப் பாத்து முடிவு எடுக்காதீங்க, எந்த மோசமான பெலட்டும் ஒரு தரம் அழகா விழும். பெலட்ட மாத்துனதும் முதல் பத்து வெடிய எண்ணாதீங்க, பெரல் புதுசுக்குப் பழகணும். பெரலத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவவும் வேணாம். ஃபெல்ட் துண்டு ரெண்டு மூணு தள்ளினாப் போதும், அதுவும் குரூப் விரியத் தொடங்கினாத்தான்.

பழக்கம் முடிஞ்சதும் கையக் கழுவாம ஒரு பிள்ளையும் பணிஸத் தொடக் கூடாது. இது போட்டிய விட முக்கியம்.

டயகம_பையன்
ஒரு சந்தேகம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம்னு படிச்சிருக்கேன். காத்து மெல்லிசா இருக்குமே, அதுக்கு ஏதாச்சும் மாத்தணுமா?

பண்டாரவளை_வாத்தி
நல்ல கேள்வி தம்பி. உயரத்தில காத்து ஐதுதான். ஸ்பிரிங் ரைபிள்ல சிலிண்டருக்குள்ள அடைபடுகிற காத்து குறைவு, பிஸ்டனுக்கு முன்னால மெத்தை மெல்லிசு, அதால வேகமும் அடியின்ர தன்மையும் கொழும்பில இருக்கிறதை விடக் கொஞ்சம் வேற. ஆனால் நானுஓயா நேற்றும் இண்டைக்கும் ஒரே உயரத்திலதான் நிக்குது. குரூப் விரியிறதுக்கு அது காரணமாகாது. அந்தக் காத்து ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரிக் கிடைக்குது. சைட்டை அந்த உயரத்தில வைச்சுச் சரிசெய்தால் காணும். போட்டி தாழ்வான ஊரில வந்தால், முதல் வெடியளில சைட்டைத் திருப்பி ஒழுங்குபடுத்த வேணும், அவ்வளவுதான்.

ஸ்டோர்பிட்டர்
போட்டி அன்னைக்கு இன்னொண்ணு. ரைபிளச் சூடான வீட்டுக்குள்ள இருந்து நேரா குளிர் ஹோலுக்குக் கொண்டு போயி உடனே அடிக்காதீங்க. பெட்டியத் திறந்து அரை மணி நேரம் அங்கயே கிடக்கட்டும். மாலையில குளிர்ல இருந்து சூட்டுக்குக் கொண்டு வந்தா உலோகத்துல பனி வியர்க்கும், பெட்டியில வைக்கிறதுக்கு முன்ன துணியால துடைங்க. நகப்பூச்சுக் கோட்டையும் ஒரு தரம் பாத்துருங்க.

நானுஓயா_கோச்
செய்றேன் ஐயா. பிளாஸ்டிக் டப்பா வாங்கியாச்சு. 4.49 டின் கிடைச்சுது, 4.51க்குச் சொல்லி வச்சிருக்கு. 4.49ல அஞ்சு குரூப் அடிச்சேன், உயரம் 7, 6.5, 7, 6.5, 8. 4.50ல 7, 7.5, 7, 8, 7.5. 4.49ல வந்த அந்த 8 என்னோட கைன்னு நெனைக்கிறேன், ஆனா எழுதி வச்சிருக்கேன்.

அழுத பிள்ளை இன்னைக்குக் காலையில 4.49ல பத்து வெடி அடிச்சுச்சு. ஒன்பது வெடி பத்துல, ஒரு வெடி மட்டும் ஒன்பதுல. ஒன்பதுக்கு என்ன காரணம்னு கேட்டேன். ட்ரிகர இழுத்ததும் கண்ண மூடிட்டேன் சேர், சத்தியமா அது நான்தான்னு சொல்லிட்டு, அட்டையக் கேட்டு வாங்கிப் புத்தகத்துக்குள்ள வச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடிருச்சு.